கடற்காற்றை அளந்தோர்

காற்றுக்குத் திசைதோறும் தனிப்பெயர் சூட்டியது தமிழினம். வடக்கிலிருந்து வருவது வாடை. தெற்கிலிருந்து தவழ்வது தென்றல். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இப்பாகுபாட்டை நாம் வகுப்பறையில் இலக்கியச் சுவைக்காகவே கற்பிக்கிறோம். ஆயின் அது பரதவர்க்குத் தொழிலறிவு. வெண்ணிக் குயத்தியார் கரிகால் வளவனைப் பாடிய புறநானூற்று 66-ஆம் பாடலில், காற்றைத் தன் பணிக்கு ஆட்படுத்திக் கலம் செலுத்திய முன்னோன் ஒருவன் போற்றப்படுகிறான். கடாரத்திற்கு வந்த வணிகர், ஒரு பருவக்காற்றில் வந்து மறு பருவக்காற்றில் திரும்பினர். நம் பாட்டன்மார் 'ரஜுலா' கப்பலில் பினாங்கிலும் கிள்ளானிலும் வந்திறங்கிய காலத்தில் நீராவி ஆட்சி செய்தது. காற்றை எண்ணிப் பார்க்கும் தேவை அற்றுப்போயிற்று. அக்காற்று இன்று மின்சாரத்தின் பொருட்டு மீண்டும் கணக்கிற்கு வந்துள்ளது.

கடலில் காற்றாலைப் பண்ணை நாட்டும் முயற்சி 1991-ஆம் ஆண்டில் டென்மார்க்கில் தொடங்கிற்று. விண்டெபி என்னுமிடத்தில் 11 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 450 கிலோவாட் ஆற்றலுடன் நிறுவப்பெற்றன. கால் நூற்றாண்டு உழைத்தபின் 2017-இல் அவை அகற்றப்பட்டன. இவ்வரலாற்றைப் பொறிகளின் வரலாறாகவே பலரும் எழுதுகின்றனர். அளந்தோரின் வரலாறாக எழுதுவதே முறை என்பது என் கருத்து. காரணம் எளிய கணிதம். காற்று தரும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகத்தைப் பத்து விழுக்காடு மிகையாக மதிப்பிட்டுவிட்டால், ஆற்றலில் ஏறத்தாழ 33 விழுக்காடு பொய்க்கணக்கு எழும். ஆறாம் ஆண்டு மாணவனும் பெருக்கிப் பார்க்கலாம்.

இந்தியாவில் இவ்வளவைப் பணிக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணி. திருவிதாங்கூரின் பீருமேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மேற்கொண்ட அன்னா மணி அவர்கள், இந்திய வானிலைத் துறையில் கருவிகளைச் செம்மைப்படுத்துவதையே வாழ்வாகக் கொண்டவர். ஓய்வு பெற்ற பின்னரும் ஓயவில்லை. நாடெங்கும் காற்றின் வேகத்தை அளக்கச் செய்து, 1983-இல் அவ்விவரங்களை நூலாக வெளியிட்டார். அதன்பின் மூன்றாண்டுகளில், 1986-இல், தூத்துக்குடியிலும் குசராத்து, மராட்டியக் கரைகளிலும் இந்தியாவின் முதற் காற்றாலைகள் சுழலலாயின. இவ்வரிசை முறையை மாணவர் உள்ளத்தில் பதிக்க வேண்டும்: முதலில் அளவை, பின்னரே ஆலை.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு விரைவதால் முப்பந்தல் காற்றாலைக் காடாயிற்று. அக்காற்று மன்னார் வளைகுடாவிலும் வலிமையோடு வீசுகிறது. நிலத்தில் மரமும் மேடும் கட்டடமும் காற்றை இடறுகின்றன. நீர்ப்பரப்பில் அத்தடை குறைவு.

ஆனால் கடலில் அளப்பது நிலத்தில் அளப்பது போன்றதன்று. சென்னையில் 1993-இல் தோற்றுவிக்கப்பெற்ற தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், 1990-களின் பிற்பகுதியிலிருந்து மிதவைகளை ஆழ்கடலில் நங்கூரமிட்டு, காற்று, அலை, நீரோட்டம், வெப்பநிலை ஆகியவற்றை இடையறாது பதிவு செய்யலாயிற்று. அதற்கு முன்பே, 1991-இல், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் விழிஞத்தில் 150 கிலோவாட் அலை மின்நிலையம் ஒன்றை அமைத்திருந்தனர். அது வணிக வெற்றி பெறவில்லை. எனினும், சீறும் கடலில் ஒரு கட்டமைப்பை நிறுத்துவது எங்ஙனம் என்பதை அது கற்பித்தது. 1964 திசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலை அறிந்தோர்க்கு அக்கல்வியின் அருமை விளங்கும்.

காற்றை மட்டும் ஆய்வதற்கென 1998-இல் சென்னையில் உருவான மையமே இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப்படுகிறது. 2013 முதல் 2018 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் துணையோடு நடைபெற்ற ஆய்வு, தமிழகக் கடலில் எட்டு மண்டலங்களைக் காற்றாலைக்கு ஏற்றனவாகக் குறித்தது. 2017-இல் காம்பே வளைகுடாவின் நடுவே நாட்டிய தூணொன்றின்மீது 'லைடார்' கருவி பொருத்தப்பெற்றது. இக்கருவி ஒளிக்கற்றையை மேலே செலுத்தி, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் திருப்பியனுப்பும் ஒளியின் மாறுபாட்டைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. உயர்ந்த கம்பம் நாட்ட வேண்டியதில்லை.

காற்றை அளந்தால் மட்டும் போதுமா? மன்னார் வளைகுடா வெறும் நீர்வெளியன்று. அங்கே கடலாராய்ச்சி முத்திலிருந்து தொடங்கிற்று. இலங்கைக் கரையில் முத்துச்சிப்பிகள் அருகி வருவாய் வற்றியபோது, 1902-இல் ஹெர்ட்மன் என்னும் அறிஞரும் ஹார்னெல் என்பாரும் அழைத்து வரப்பட்டனர். வருவாய் குன்றிய பின்னரே ஆராய்ச்சி அழைக்கப்பட்டது! பவளப்பாறைக்கும் அதுவே நேர்ந்தது. சுண்ணாம்புக்காகப் பாறைகளைப் பல்லாண்டு வெட்டியெடுத்ததில் இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தன. எஞ்சியவற்றைக் காக்கவே 1986-இல், தூத்துக்குடியில் காற்றாலை சுழலத் தொடங்கிய அதே ஆண்டில், கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கெனப் பாக்கு நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் காப்பகம் அமைந்ததோ 2022-இல்தான்.

இத்தகைய கடலில் தூண் அறைந்தால் விளைவதென்ன? டென்மார்க்கின் நீஸ்டெட் பகுதியில் கட்டுமானத்தின்போது ஓங்கில் இனத்தையொத்த சிறு பாலூட்டிகள் விலகிச் சென்றன. அவை மீண்டுவர நெடுங்காலமாயிற்று. கட்டுமானத்திற்கு முன்பே அவற்றின் நடமாட்டத்தைப் பதிவு செய்து வைத்திருந்ததால்தான் இவ்வுண்மை புலப்பட்டது. செர்மனி, தூண் அறையும் ஓசை 750 மீட்டர் தொலைவில் 160 டெசிபெல்லைத் தாண்டலாகாது என வரம்பிட்டது; தூணைச் சுற்றி நீர்க்குமிழித் திரை எழுப்பி ஓசையைத் தணிக்கும் முறையும் அங்கே வளர்ந்தது. ஆவுளியாவுக்கு எந்த ஓசை தாங்கும் என்பதை வடகடல் நாட்டார் நமக்குச் சொல்ல இயலாது. மன்னார்க் கடலிலேதான் அதை ஆராய வேண்டும்.

மீனவர் செய்தி தனியே சொல்லத் தக்கது. சோழகம், கச்சான் என்று காற்றை இன்றும் பெயர் சொல்லி அழைப்போர் அவர்கள். கடலடிப் பாறைத்திட்டுகளைப் 'பார்' என்று கூறி, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, கரைக்குறி கொண்டு இடம் காண்பர். மிதவை பதியும் எண்களுக்கு நிகரான தரவு இது என்பேன். தூணும் மின்வடமும் எங்கே அமையின் வலை கிழியும், எங்கே அமையின் வழி மறியும் என்பதை அவர்களைக் கேளாமல் வரைபடம் வரைவது அரைகுறை ஆராய்ச்சியே.

மலேசியாவில் இம்முயற்சி ஏன் இல்லை என மாணவர் வினவலாம். நிலநடுக்கோட்டை அடுத்த நம் கடலில் காற்று பொதுவாக மெலிந்தது; வடகிழக்குப் பருவத்தில் கிழக்குக் கரையில் மட்டும் சற்று ஓங்கும். பிரிக்பீல்ட்ஸில் மின்விசிறியைச் சுழற்றும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறப்பது.

இந்திய அரசு 2015-இல் கடற்காற்றாலைக் கொள்கையை அறிவித்தது. 2024 சூனில், குசராத்துக் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என நிறுவுவதற்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதில் 600 கோடி இரு துறைமுகங்களைச் செம்மைப்படுத்துவதற்கு. கொள்கைக்கும் நிதிக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தமையைச் சிலர் தாமதம் என்று குறை கூறுவர். மன்னார் வளைகுடாவின் ஒன்பது சோழகப் பருவங்கள் அவை. ஒவ்வொன்றும் அளப்போர்க்குக் கிடைத்த ஒரு பருவம்.