திரும்பி வந்த கச்சான் அல்வா

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்ட கச்சான் அல்வா ஒருநாள் தொடப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதம். வகுப்பில் கடுமையான ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கிறது, கச்சான் சேர்ந்த எதையும் தயவுசெய்து அனுப்பவேண்டாம் என்று எழுதியிருந்தது. ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி அம்மா எடுப்பித்த அல்வா அது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்க் கச்சான் வாங்காமல் திரும்பிய சனம் உண்டா? அந்த ருசியைப் பேத்திக்கும் காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை.

"உவையளுக்கு எங்கட சாப்பாடு எண்டாலே ஒரு இளக்காரம் பிள்ளை. நீ படிக்கேக்கையும் உதே கதைதானே," என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் நான் பள்ளிக்கூடம் போனபோது, புட்டும் மீன்குழம்பும் மணக்கிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எத்தனையோ நாள் சாப்பிடாமலே குப்பையில் கொட்டியிருக்கிறேன். அதனால் எனக்கும் கோபம் வந்தது. என் பிள்ளை எதைச் சாப்பிடலாம் என்று சொல்ல இவர்கள் ஆர்? காரமாக ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று நினைத்து, அதற்கு முன் ஒன்ராறியோவின் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர். சப்ரினா சட்டம் என்கிறார்கள். சப்ரினா ஷானன் இதே மாகாணத்தின் பெம்புரோக் நகரத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனவள். பால், கச்சான், சோயா மூன்றும் அவளுக்கு ஆகாது. கவனமில்லாத பிள்ளை இல்லை. ஒவ்வாமையோடு வாழ்வது பற்றிச் சின்ன வயதிலேயே சிபிசி வானொலிக்கு நிகழ்ச்சி செய்தவள். 2003 செப்ரெம்பரில், புதுப் பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் மாதத்திலேயே, சிற்றுண்டிச்சாலையில் உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் வாங்கிச் சாப்பிட்டாள். பாற்கட்டி போட்ட பூட்டீனைத் தொட்ட இடுக்கியாலேயே அதையும் எடுத்திருக்கவேண்டும், அப்படித்தான் பால் கலந்திருக்கும் என்று பின்னர் கருதப்பட்டது. மூச்சு முட்டியது. ஆஸ்துமா என்றுதான் முதலில் எண்ணம் போனது. அட்ரினலின் ஊசி அவளுடைய லொக்கருக்குள் இருந்தது. அதை எடுத்து வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அடுத்த நாள் இறந்தாள். வயது 13.

இதை வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: அந்தப் பள்ளிக்கூடத்தில் கச்சானை அடியோடு தடைசெய்திருந்தாலும் அவள் இறந்திருப்பாள். ஒரு இடுக்கியில் ஒட்டியிருந்த பால் அவளைக் கொன்றது. அந்த நேரத்தில் ஊசி கையெட்டும் தூரத்தில் இல்லை.

மகளை இழந்த தாயும், பிராண்ட் தொகுதி மாகாணசபை உறுப்பினர் டேவ் லெவாக்கும் விடாமல் முயன்றதில், தனி உறுப்பினர் மசோதாவாக வந்த அந்தச் சட்டம் 2005 இல் நிறைவேறி, 2006 ஜனவரி 1 இல் நடைமுறைக்கு வந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். எந்த உணவையும் பெயர் சொல்லி அது தடைசெய்யவில்லை. ஒவ்வொரு கல்விச் சபையும் ஒரு கொள்கை வைத்திருக்கவேண்டும், ஆபத்தான உணவு பிள்ளைக்கு எட்டும் வாய்ப்பைக் குறைக்க வழி தேடவேண்டும், பணியாளர்களுக்கு ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கவேண்டும், ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திட்டம் வேண்டும் என்கிறது. பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், முன் அனுமதி இல்லாவிட்டாலும் பணியாளர் ஊசியைப் போடலாம். நல்ல எண்ணத்தோடு செய்தவர் மீது வழக்குப் போடமுடியாது. கச்சான் கூடாது என்பது அந்தக் கொள்கையின் கீழ் அந்தந்தப் பள்ளிக்கூடம் எடுக்கும் முடிவு.

ஊசிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்டால், பதில் 1992 இல் ஹியூ சாம்சனும் மற்றவர்களும் எழுதிய ஒரு சின்ன ஆய்வில் இருக்கிறது. உணவு ஒவ்வாமையால் சாவின் விளிம்புக்குப் போன 13 பிள்ளைகளைப் பற்றியது அது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு மட்டுமே முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அட்ரினலின் கிடைத்திருந்தது. பிழைத்த ஏழு பேரில் ஆறு பேருக்கு அரை மணித்தியாலத்துக்குள் கிடைத்திருந்தது. 13 பேருக்குமே ஒவ்வாமை இருப்பது முன்பே தெரியும். தெரிந்தும், இன்னதைத் தின்கிறோம் என்று அறியாமல்தான் தின்றார்கள்.

"தள்ளி வைத்தால் தப்பலாம்" என்ற நம்பிக்கைக்கு இந்த நோயின் வரலாற்றில் நல்ல பெயர் இல்லை. 1901 இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் கப்பலில் போன சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேவும் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராய்ந்தார்கள். சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடம்பு பழகிக் காப்புப் பெறும் என்பது எதிர்பார்ப்பு. பாரிசுக்குத் திரும்பி வந்து சோதித்தபோது, முதல் தரம் தாங்கிக்கொண்ட நாய், சில வாரம் கழித்துக் கொடுத்த கொஞ்ச நஞ்சில் அரை மணித்தியாலத்துக்குள் செத்துப்போனது. காப்புக்கு நேர்மாறு என்ற பொருளில் 1902 இல் அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913 இல் ரிஷேக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மருத்துவம் அதற்குப் பிறகு மறுபக்கம் சாய்ந்தது. 2000 இல், ஒவ்வாமை வர வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கச்சானே காட்டவேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொன்னது. 2008 இல் அந்த ஆலோசனையைக் கைவிட்டது. அதே வருடம், பிரித்தானியாவிலும் இஸ்ரேலிலும் வாழும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று வந்தது. கச்சானைத் தள்ளி வைத்த பிரித்தானியாவில் 1.85 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை. தவழும் வயதிலேயே கச்சான் தின்னும் இஸ்ரேலில் 0.17 சதவீதம். கிடியன் லாக் குழு 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்தது. தோல் பரிசோதனையில் ஒவ்வாமை தெரியாத குழந்தைகளில், கச்சானைத் தவிர்த்தவர்களில் 13.7 சதவீதத்தினருக்கு ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. தின்று வளர்ந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கு மட்டும். இது வருமுன் காக்கும் கதை. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள பிள்ளை அதைத் தொடக்கூடாது என்பதில் மாற்றமில்லை.

அப்படியென்றால் என் கோபம் சரியா? இல்லை என்று காட்டியது 2011 இல் புளோரிடாவின் எட்ஜ்வோட்டர் ஊரில் நடந்தது. கடும் கச்சான் ஒவ்வாமை உள்ள ஒரு முதலாம் வகுப்புச் சிறுமிக்காக, வகுப்புப் பிள்ளைகள் கை கழுவவேண்டும், வாய் கொப்பளிக்கவேண்டும் என்று பள்ளிக்கூடம் விதித்தது. மற்றப் பெற்றோர் பதாகை பிடித்து வாசலில் நின்றார்கள். அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கட்டும் என்றார்கள். விதியைப் போட்டது நிர்வாகம். கோபம் போய் விழுந்தது ஒரு சின்னப் பிள்ளையின் தலையில். நான் எழுத இருந்த கடிதமும் சுற்றிச்சுற்றி அங்கேதான் போய் விழுந்திருக்கும்.

2021 இல், இங்கே ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சூசன் வாசர்மன் தலைமையில் ஒரு சர்வதேசக் குழு வழிகாட்டல் வெளியிட்டது. பள்ளிக்கூடம் முழுவதும் ஒரு உணவைத் தடைசெய்வதைவிட, பணியாளர் பயிற்சியையும், பொதுவில் வைத்திருக்கும் அட்ரினலினையும் அது பரிந்துரைத்தது. சான்றுகள் பலமில்லை என்பதையும் சொன்னது. ஏழு வயதுப் பிள்ளைகள் ஒன்றின் பெட்டிக்குள் மற்றது கை விடும் வகுப்பில், அல்வாவை வீட்டில் வைத்துத் தின்னச் சொல்வது எனக்கு இன்றைக்கு அநியாயமாகப் படவில்லை. அதோடு தன் கடமை முடிந்துவிட்டது என்று பள்ளிக்கூடம் நினைத்தால்தான் அநியாயம்.

கடைசியில் வேறு கடிதம் எழுதினேன். இரண்டே கேள்வி. ஊசி எங்கே இருக்கிறது? மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதைப் போடத் தெரியுமா? பதில் மரியாதையாக வந்தது. ஊசி அலுவலக அலுமாரியில். ரீச்சர்மாருக்குப் பயிற்சி நடந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் அந்த வருடப் பயிற்சியில் விடுபட்டுப்போனார்கள், அடுத்த மாதம் சேர்த்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. என் மகளின் அல்வாவைப் பார்த்துப் பிடிக்க ஆள் இருந்தது. ஊசி போட ஆள் இல்லை.

மகளின் பிறந்தநாளுக்கு அந்த ஒவ்வாமைப் பிள்ளையும் வந்தது. தாய், ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். பக்கத்தில் நின்ற அம்மா கையை நீட்டி அதை வாங்கினார். சேலைக்கு மேலாலேயே தொடையில் வைத்து அழுத்தினார்.

"எவ்வளவு நேரம் அமத்திப் பிடிக்கோணும் எண்டு கேள் பிள்ளை," என்றார்.