கரு: கேர்னல் என்ற சொல்

கல்முனைப் பக்கம் 'கேர்னல்' என்று சொன்னால் முதலில் பட்டாளத்துக் கேணல்தான் நினைவுக்கு வருவார். ஆங்கிலத்திலும் இரண்டு சொற்களுக்கும் ஒலிப்பு ஒன்றே, உறவு கிடையாது. கணினிக் கேர்னலின் வேர் தானியம். பழைய ஆங்கிலத்தில் 'கோர்ன்' தானியம், 'கிர்னெல்' சிறுமணி. சம்மாந்துறை வயற்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

பிறகு கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் அச்சொல் குறித்தது. அந்த உவமைப்படி, பணிசெயல் முறைமையில் வன்பொருளோடு நேரே பேசும் உள்பகுதி கேர்னல். பயனரின் கட்டளையை வாங்கும் வெளிப்பகுதி 'ஷெல்', அதாவது ஓடு. தமிழில் கேர்னலைக் 'கரு' என்கிறோம். உவமை கொட்டையிலிருந்து முட்டைக்கு மாறிவிட்டது, ஆனாலும் ஓடு உடையவில்லை. நல்ல தேர்வு.

லினக்ஸ் கருவை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இன்டெல் 386 செயலிக்கென எழுதினார். இன்று அதன் மூலநிரலில் 'ஆர்ச்' என்ற அடைவுக்குள் ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் தனி இடம் உண்டு. மேசைக் கணினிக்குத் தொகுத்த கரு ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையில் ஓடாது. அதிலுள்ள ஆர்ம் செயலியின் கட்டளைகள் வேறு. ஆகவே கருவைத் தொகுக்குமுன் முதலில் செயலியின் கட்டமைப்பைச் சொல்ல வேண்டும், பிறகு ஒவ்வொரு வசதிக்கும் விடை: கருவோடு சேர், தேவைப்படும்போது ஏற்றும் கூறாக வை, அல்லது விடு. இந்த வேலைக்குப் பெயர் 'கட்டமைத்தல்'. பேச்சில் எவரும் 'கொன்ஃபிக் பண்ணுறது' என்றுதான் சொல்வார்கள்.