கூலி என்றொரு சொல்

தமிழில் கூலி என்பது ஆளன்று, ஆளுக்குச் சேரவேண்டியது. வள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லை ஆளும்போது, தெய்வம் துணை நில்லாவிடினும் உடல் வருந்திய அளவுக்கு முயற்சி தரும் பயன் என்றே ஆள்கிறார். கூலிக்கு மாரடிக்கிறான் என ஒருவனை நாம் ஏசும்போதுகூட, கூலி வேறு, மாரடிப்பவன் வேறு.

கடல் தாண்டியபின் நிலைமை மாறிற்று. போர்த்துக்கீசியர் வழியே ஐரோப்பிய மொழிகளுள் புகுந்த இச்சொல்லில், பெறும் பொருள் மறைந்து பெறுகிற மனிதனே 'கூலி' ஆனான். (குஜராத்தின் கோலி இனத்தாரின் பெயரே இதன் மூலம் என்பாரும் உளர். இரண்டும் கலந்திருக்கலாம் என்பது நம் எண்ணம். துருக்கியில் 'குல்' என்றால் அடிமை. அதை ஓசை ஒற்றுமை என்றே விட்டுவிடலாம்.)

ஒப்பந்தத் தொழிலாளர் 1834இல் மொரீசியசிலும், 1838இல் கயானாவிலும், 1860இல் நேட்டாலிலும் இறக்கப்பட்டனர். மொரீசியசில் அவர்கள் கரையேறிய துறைக்கே 'கூலி காட்' என்று பெயர். அப்பிரவாசி காட் எனப் பெயர் மாறிய அவ்விடம் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நேட்டாலிலோ கூலி பெறாத வணிகரும் கூலிகளே. 1893இல் அங்குச் சென்ற காந்தி 'கூலி பாரிஸ்டர்' ஆனார். இந்தியரைச் 'சாமி' என்றும் வெள்ளையர் இழித்தழைத்ததையும், சாமி என்றால் எசமான் அல்லவா என்று சூடு உள்ளவர்கள் திருப்பிக் கேட்டதையும் அவர் தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். கூலிக்கு அப்படியொரு பதிலடி வாய்க்கவில்லை.

சீனத்தில் நேர்ந்தது விந்தையானது. ஒலிக்கு இணையாக அவர்கள் தேர்ந்த இரு எழுத்துகளில் 'கு' என்பது கசப்பு, துன்பம். 'லி' என்பது வலிமை. கசந்த உழைப்பு! அது தம் மொழியிலேயே பிறந்த சொல் என்று ஒரு சீனர் நினைத்தால் குறை சொல்ல முடியாது. 1847 முதல் 1874 வரை கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சீனர் கொண்டுபோகப்பட்டதை நினைத்தால், அவ்வெழுத்துகள் பொருத்தமாகவே படுகின்றன.

சுமத்திராவில் டச்சு அரசு 1880இல் 'கூலிச் சட்டம்' இயற்றித் தோட்டத்தை விட்டு ஓடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இன்றைய இந்தோனேசியாவிலும் 'குலி' உடலுழைப்பாளிதான். ஆயினும் பத்திரிகையாளர் தம்மைத் தாமே 'குலி திந்தா', அதாவது மைக்கூலி, என்று கேலியாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

நம்மை உறுத்துவது இச்சொல் வீடு திரும்பிய விதம். பழந்தமிழர் வழக்கில் கூலியாள் என்ற சொல்லுக்குள் ஆள் இருந்தான். இன்று நாமே 'கூலிகள்' என மனிதரைப் பன்மையில் எழுதுகிறோம். ஆங்கிலேயரின் பொருள் தமிழ் எழுத்தில். இலங்கைத் தோட்டத்துரைகள் வேலை வாங்குவதற்காகக் கற்ற தமிழுக்கும் இதே பெயர்தான்: வெல்ஸ் என்பவரின் 1915ஆம் ஆண்டுக் கையேடு 'கூலித் தமிழ்' என்றே வந்தது. மலையக இலக்கியம் பற்றிய தம் நூலுக்கு மு. நித்தியானந்தன் 2014இல் சூட்டியதும் அதே தலைப்பு.