துபாஷி

துபாஷி: இரு மொழி அறிந்தவர். வடமொழியில் இரண்டைக் குறிக்கும் 'த்வி'யும் மொழியைக் குறிக்கும் 'பாஷா'வும் சேர்ந்த சொல், இந்துஸ்தானி வழியே தமிழுக்கு வந்தது. 'துபாசி' எனவும் எழுதுவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை மொழிபெயர்த்ததோடு நிற்கவில்லை; வணிகமும் பேசி முடித்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறிய திருகோணமலைத் துறைமுகத்தில் இச்சொல்லின் தேவை எளிதில் விளங்கும்.

இன்று அங்கிருந்து மென்பொருள் விற்பனைக்குப் போகும் இளைஞருக்கும் இதுவே பொருத்தமான பெயர். கப்பல் முகவரின் கணக்குச் சிக்கலைப் பொறியாளருக்கும், பொறியாளரின் தீர்வை முகவருக்கும் புரியவைப்பதே அவர் வேலை. தொடக்கத்தில் அழைப்புகளும் மறுப்புகளுமே மிகுதி. சம்பளத்தோடு கமிஷனும் இலக்கும் வரும். துபாஷி தரகுக்காகத் திரித்துச் சொல்பவர் அல்லவா எனலாம். அந்த ஆசை இங்கும் உண்டு. ஆனால் மென்பொருள் பெரும்பாலும் சந்தாவாக விற்கப்படுகிறது. ஏமாந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு புதுப்பிக்கமாட்டார். ஆகவே பிழையற்ற மொழிபெயர்ப்பே இலாபமும் தரும்.