ருஷ்ய நாவலும் வாசகரின் முன்னறிவும்

கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ 1842-இல் வெளிவந்தது. அதில் சிச்சிக்கவ் என்பவன் பண்ணைவீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சென்று, செத்துப்போன பண்ணையடிமைகளை விலைக்குக் கேட்கிறான். ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இறந்தவர்கள் அரசு ஏட்டில் உயிரோடுதான் இருப்பார்கள். அவர்களுக்கும் பண்ணையார் தலைவரி கட்டியாக வேண்டும். கோகல் காலத்து வாசகருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு இது தெரியாவிட்டால், வரி மிச்சம் என்று பண்ணையார் பிளூஷ்கின் பூரிப்பதும், செத்த தச்சனின் கைத்திறனைப் புகழ்ந்து இன்னொரு பண்ணையார் சொபாகேவிச் விலையேற்றுவதும் பொருளற்ற கூத்தாகிவிடும்.

ஆனால், வாங்கிய பெயர்களை வைத்துச் சிச்சிக்கவ் என்ன செய்யப்போகிறான் என்பதை 11-ஆம் அத்தியாயம்வரை கோகல் வெளியிடுவதில்லை. நகரமே ஊகித்துக் குழம்புகிறது. வாசகரும் கூடவே குழம்ப வேண்டும். முன்னுரையில் அதை அவிழ்த்துவிடுவது நூலுக்குச் செய்யும் தீங்கு. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் வாசகருக்கு இருந்த அறிவு நமக்கும் வேண்டும். அதற்கு மேல் தேவையில்லை என்பதே என் துணிபு.

நெப்போலியன் வரலாறு கற்ற பிறகே ‘போரும் அமைதியும்’ என்று தள்ளிப்போடுவோர் உண்டு. தோல்ஸ்தோய் பிறந்ததே 1828-இல். நாவலில் வரும் 1812 போர் அவருக்கே கேள்விச்செய்தி. ஆகவே வேண்டியதை அவரே சொல்லிவிடுகிறார். ‘அன்னா கரேனினா’வில் மணமுறிவுச் சட்டத்தையும், அன்னாவின் கணவர் கரேனின் தேடிப்போகும் வழக்கறிஞர் வாயாலேயே கேட்டுவிடுகிறோம், அவர் நடுவே அந்துப்பூச்சி பிடிப்பதையும் பார்த்தபடி.

நாவல் நமக்குக் கற்றுத்தராதது பெயர் வழக்கம். தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலில், நாயகன் ரஸ்கோல்னிகவின் தங்கை தூன்யாவும் அவ்தோத்யா ரொமானவ்னாவும் ஒருத்தியே. வீட்டாருக்குத் தூன்யா, மரியாதையோடு விளிப்போருக்கு இயற்பெயரும் தந்தைபெயரும். வறுமையால் மஞ்சள் சீட்டு வாங்கி உடலை விற்க நேர்ந்தவள் சோன்யா. தூன்யாவை மணக்கவிருக்கும் லூஷினின் கடிதத்தில் சோன்யாவைப் பற்றிய இழிசொல்லை ரஸ்கோல்னிகவின் தாயும் தங்கையும் அப்போதுதான் படித்திருக்கிறார்கள். சோன்யா ரஸ்கோல்னிகவின் அறைக்குள் கூசியபடி நுழைகிறாள். அவனோ அவ்விருவர் முன்னிலையில் அவளைச் ‘சோஃபியா செம்யோனவ்னா’ என்று அறிமுகப்படுத்துகிறான். அவளைத் தன் வீட்டுப் பெண்களுக்கு நிகராக நிறுத்தும் அந்தச் செயல், வழக்கம் அறியாதவர் கண்ணில் நீளமான ஒரு பெயராகக் கடந்துபோகும்.

அவள் தந்தை மர்மெலாதவின் பதவி, 1722-இல் மகா பீட்டர் வகுத்த 14 படிகளில் 9-ஆவது. இது பிறகு தெரிந்தாலும் போதும். கந்தலுடையில், மதுக்கடையில் அமர்ந்து அவர் அதை அறிவிப்பதிலேயே அந்த மனிதர் விளங்கிவிடுகிறார்.

பதிப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பெயர்ப்பட்டியலை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள், வரலாற்றுக் கட்டுரையை நாவலுக்குப் பின்னால் வையுங்கள்.