குப்பாயமும் தோள்சீலையும்

டோக்கியோவின் ஹராஜூக்கு வீதியில் இளைஞர் மனம்போல் உடுத்து உலவுகின்றனர். அவ்வுடைக்கென்றே மாநாடுகளும் கூடுகின்றன. பாறசாலை, நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தென் திருவிதாங்கூரிலோ, நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைக்கவும் அரசாணை வேண்டியிருந்தது.

1829-ஆம் ஆண்டு ஆணை, கிறிஸ்தவம் தழுவிய பெண்டிருக்குக் குப்பாயம் என்னும் சட்டையை அனுமதித்தது. மேற்குலத்தார்போல் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. சட்டை ஆகலாம், சீலை ஆகாதாம்! மீறியவர்களின் சீலைகள் பொதுவிடங்களில் கிழித்தெறியப்பட்டன. 1858-இல் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் வற்புறுத்தவே, 1859 ஜூலை 26-இல் உத்திராடம் திருநாள் மகாராஜா தடையை நீக்கினார். அப்போதும் மேற்குலத்தார் உடுத்தும் முறை மட்டும் விலக்கப்பட்டது.

வெளிமாநிலங்களில் நம் பிள்ளைகள் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடநூலில் இவ்வரலாறு இருந்தது. 2019-இல் அதை நீக்கிவிட்டார்கள்.