உள்ளே போன கார்டு

உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒருதரம் பாருங்கள். கிட்டத்தட்ட அந்த அளவுதான். 15 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன். மைக்ரோ எஸ்.டி. கார்டு. அதற்குள் ஆயிரக்கணக்கில் பாட்டு. சட்டைப் பையில் இருக்கும் ம்யூசிக் ப்ளேயருக்குள் அதைத் தள்ளுகிறீர்கள். க்ளிக். பாடுகிறது. சந்தோஷம்.

ஒருநாள் அதை வெளியே எடுக்கலாம் என்று அழுத்துகிறீர்கள். வரவில்லை. மறுபடியும் அழுத்துகிறீர்கள். ம்ஹூம். நகத்தால் நோண்டிப் பார்க்கிறீர்கள். அடுத்து ஊக்கு வருகிறது. ஹேர்பின் வருகிறது. வீட்டில் உள்ள எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல, கடைசியில் ஸ்க்ரூ டிரைவர் வருகிறது.

கொஞ்சம் பொறுங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். கார்டை எடுக்கிற வழியைச் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஆனால் அதற்குமுன் ஒரு கேள்வி. அந்தக் கார்டு வெளியே வந்தே ஆகவேண்டும் என்று உங்களுக்கு ஏன் தோன்றுகிறது? உள்ளேயே இருந்து பாடிவிட்டுப் போகட்டுமே?

விட மனசு வராது. ஏனென்றால் அது உங்களுடையது. உள்ளே போனது வெளியே வரவேண்டும். இந்தச் சின்ன ஆசைக்குப் பின்னால் கோர்ட், கேஸ், கம்பெனிச் சண்டை என்று பெரிய சரித்திரமே இருக்கிறது.

*

கேசட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். 1963ல் ஃபிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் அதைக் கொண்டுவந்து வைத்தது. 1979 ஜூலை முதல் தேதி சோனியின் வாக்மேன் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 33,000 யென். கேசட்டும் சிக்கும். நாடா உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ஆனால் கதவைத் திறந்தால் என்ன ஆயிற்று என்று கண்ணுக்குத் தெரியும். மெதுவாக நாடாவை விடுவித்து, பல்சக்கரத்தில் ஒரு பென்சிலைச் செருகிச் சுற்றினால் தீர்ந்தது விஷயம். முக்கியமாக, காசு கொடுத்து வாங்கிய கேசட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுக்க நீங்கள் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றிய ஆசாமி ஜப்பானில் இருந்தார். ஃபூஜியோ மசுவோகா. தோஷிபா கம்பெனியில் இன்ஜினியர். கரண்ட் போனாலும் மறக்காத, சுழலும் பாகம் எதுவுமே இல்லாத ஒரு நினைவுச் சில்லை அவர் கண்டுபிடித்தார். உள்ளே இருக்கும் தகவலை ஒரே அடியில் அழிக்கலாம். கேமராவின் ஃப்ளாஷ் அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்தவர் சொல்ல, பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஃப்ளாஷ் மெமரி. 1984ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அதை உலகத்துக்கு அறிவித்தார். இன்று உங்கள் கார்டில் இருக்கும் 'நான்ட்' வகையை 1987ல் வெளியிட்டார்.

அவருக்கு என்ன கிடைத்தது? பி.காம். படித்தவன் புத்தி, இங்கேதான் போய் நிற்கும். 1994ல் அவர் தோஷிபாவை விட்டு வெளியேறிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். என் கண்டுபிடிப்புக்கு உரிய பங்கு எங்கே என்று 2004ல் கம்பெனிமீது வழக்குப் போட்டார். கேட்டது 100 கோடி யென். 2006ல் சமரசம். வந்தது 8 கோடியே 70 லட்சம் யென். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே போனதை வெளியே எடுப்பது கண்டுபிடித்தவருக்கே அத்தனை சுலபமாக இல்லை.

*

ஃப்ளாஷ் மெமரி ஒருபக்கம். பாட்டுக் கோப்பைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கும் எம்.பி.3 இன்னொரு பக்கம். அது ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிலையத்தின் கைங்கரியம். இரண்டும் சந்தித்தது 1998ல். தென்கொரியாவின் எம்பிமேன் முதலில் வந்தது. அதே வருடம் அமெரிக்காவில் டயமண்ட் மல்டிமீடியா கம்பெனியின் 'ரியோ' வந்தது. சுமார் 200 டாலர் விலை. ஒற்றை ஏஏ பேட்டரி. உள்ளே 32 மெகாபைட். அதாவது, ஓரளவு நல்ல தரத்தில் அரைமணி நேரப் பாட்டு. அவ்வளவேதான்.

ஆனால் ரியோவில் ஒரு துளை இருந்தது. ஸ்மார்ட் மீடியா என்று தோஷிபா செய்த கார்டைச் செருகுவதற்கு. ஏடிஎம் கார்டு தடிமனில் ஒரு சின்ன வில்லை.

அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம் பதறிவிட்டது. 1998 அக்டோபரில் கேஸ் போட்டார்கள். 1992ல் வந்த சட்டப்படி, டிஜிட்டலாகப் பாட்டைப் பதிவு செய்கிற கருவி என்றால் நகல்மேல் நகல் எடுக்கவிடாத பூட்டு அதற்குள் இருக்கவேண்டும், விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்டவேண்டும். ரியோ இரண்டையும் செய்யவில்லை, எனவே தடை செய்யுங்கள். இதுதான் வாதம்.

கேஸ் மேல்முறையீட்டுக்குப் போய், 1999 ஜூனில் தீர்ப்பு வந்தது. ரியோ ஜெயித்தது. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதைத்தான் இது எடுத்துக்கொள்கிறது, அந்தச் சட்டம் சொல்லும் பதிவுக் கருவி இது இல்லை என்றார்கள் நீதிபதிகள். தன்னிடம் இருக்கும் பாட்டை ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்காக வேறிடத்துக்கு மாற்றிக்கொள்வதை அந்தச் சட்டம் தடுக்க நினைக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்பில் கருவியை விவரிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கவனியுங்கள். ரியோவுக்குள் பாட்டை அனுப்பலாம். திரும்பக் கம்ப்யூட்டருக்கு எடுக்க முடியாது. இன்னொரு கருவிக்கு அனுப்ப முடியாது. ஹெட்போன் வழியே காதுக்கு வருவதோடு சரி. ஒரே ஒரு விதிவிலக்குதான். கார்டைக் கழற்றி இன்னொரு ரியோவில் போட்டால் அங்கேயும் பாடும்.

புரிகிறதல்லவா? அந்தப் பெட்டிக்கு இருந்த ஒரே வெளிவாசல், கார்டுதான்.

*

கோர்ட்டில் தோற்றால் என்ன, தொழிற்சாலையில் ஜெயிக்கலாமே? இசைக் கம்பெனிகளும் கருவி செய்கிற கம்பெனிகளும் 1998 கடைசியில் ஒரு கூட்டணி அமைத்தார்கள். பாதுகாப்பான டிஜிட்டல் இசைக்கு வழிகாணும் கூட்டணி. 1999 ஆகஸ்டில் மட்சுஷிடா, சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஒரு புதுக் கார்டை அறிவித்தன. பெயர் எஸ்.டி. விரித்தால், செக்யூர் டிஜிட்டல்.

செக்யூர் என்றால் உங்கள் பாட்டுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. உங்களிடமிருந்து பாட்டுக்குப் பாதுகாப்பு! காப்பியடிக்க விடாத பூட்டு ஒன்றைக் கார்டுக்குள்ளேயே வைத்தார்கள். சோனி தனியாக மெமரி ஸ்டிக் என்று ஒன்றைச் செய்து, அதற்கும் ஒரு பூட்டுப் போட்டது. எந்தப் பாட்டு எத்தனை தடவை கம்ப்யூட்டரை விட்டு வெளியே போயிருக்கிறது என்று லைப்ரரி லெட்ஜர் மாதிரி கணக்கு வைத்தது அதன் சாஃப்ட்வேர்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? பூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாதாரண எம்.பி.3 கோப்புகளை அதே கார்டில் காப்பி செய்து கேட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தக் கூட்டணி 2001ல் அடங்கிப் போனது. கார்டு மட்டும் பிழைத்து, இளைத்து, 2004ல் டிரான்ஸ்ஃப்ளாஷ் ஆகி, 2005ல் மைக்ரோ எஸ்.டி. என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019ல் ஒரு டெராபைட் கார்டு கடைக்கு வந்தது. ரியோவின் 32 மெகாபைட்டோடு ஒப்பிட்டால் 30,000 மடங்குக்கும் மேல்.

பூட்டால் முடியாததை வேறொன்று சாதித்தது. 2001 அக்டோபரில் ஆப்பிளின் ஐபாட் வந்தது. 5 ஜிகாபைட். பையில் ஆயிரம் பாட்டு. கார்டு போட ஓட்டையே கிடையாது! பாட்டு உள்ளே போகும். ஆப்பிளின் சாஃப்ட்வேர் வழியாக அதைத் திரும்ப எடுக்க வழி வைக்கவில்லை. யாரும் சண்டை போடவில்லை. சிக்குவதற்குக் கார்டு இல்லை, தூசி போக வழி இல்லை, பார்க்க அழகு வேறு. வசதிக்காக வாசலை விட்டுக்கொடுத்தோம். 2022 மே மாதம் ஐபாட் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அது காட்டிய வழி நிற்கவில்லை. இன்று நிறைய செல்போன்களில் கார்டு துளை கிடையாது. பாட்டுக்கு மாதச் சந்தா. கட்டுகிறவரை பாடும். கட்டாவிட்டால், உங்கள் இஷ்டத்துக்குப் பாடாது.

சந்தா தப்பு என்று சொல்லவரவில்லை. உலகத்துப் பாட்டையெல்லாம் அலமாரியில் அடுக்கிவைக்க யாராலும் முடியாது. வாடகை வீடு சௌகரியம்தான். ஆனால் நாம் குடியிருப்பது வாடகை வீடு என்பது நினைவில் இருக்கவேண்டும். உங்கள் ப்ளேயரில் சிக்கியிருக்கிற கார்டு சொந்த வீடு. சாவிதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

*

சரி, அதை எடுப்போம்.

முதலில், கார்டு சிக்கியது வேறு, பாட்டு சிக்கியது வேறு. தள்ளிவிடும் ஸ்ப்ரிங்குக்கும் உள்ளே இருக்கும் தகவலுக்கும் சம்பந்தமே இல்லை. ப்ளேயர் இன்னும் கார்டைப் படிக்கிறதா? நல்லது. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். அத்தனை பாட்டையும் காப்பி எடுத்துவிடுங்கள். இதற்கப்புறம் என்ன நடந்தாலும் பாட்டு பத்திரம்.

அடுத்து, ப்ளேயரை அணைத்துவிடுங்கள். துளைக்குள் இருப்பது பட்டன் பேனாவில் இருக்கிற அதே ஏற்பாடு. ஒருமுறை அழுத்தினால் கொக்கி மாட்டும். இன்னொருமுறை அழுத்தினால் கழலும். கொக்கி பிடித்திருக்கும்போது இழுத்தால் உடைவது கொக்கிதான். ஆகவே இழுக்காதீர்கள். அழுத்துங்கள். பெரும்பாலானவர்கள் விளிம்பு மட்டத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது போதாது. நகத்தின் ஓரத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே, நேராக. க்ளிக் கேட்டதும் சட்டென்று விரலை எடுங்கள்.

கொக்கி கழன்றும் வரவில்லையா? உள்ளே தூசி இருக்கலாம். கார்டின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்து மடங்கியிருக்கலாம். வெளியே தெரிகிற முனையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மெதுவாக இழுங்கள். பசை வேண்டாம், ஊக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே தலைமுடி கனத்தில் எட்டுத் தொடுமுனைகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் துளை காலி. துளைக்குப் பதில் பக்கத்து இடுக்கில் கார்டு விழுந்திருந்தால் ப்ளேயரைக் கவிழ்த்து லேசாகத் தட்டிப்பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரிப்பேர்காரரிடம் போய்விடுங்கள். நாலு திருகைக் கழற்றினால் தீரும் வேலை.

வந்துவிட்டதா? ஸ்டிக்கரைச் சுத்தமாக உரித்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, மறுபடி போடுங்கள். ஒருதடவை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பாட்டைப் போடுங்கள்.